எட்டு நிமிடத் தண்ணீர்

எங்கள் கடையில் மூக்குக்கண்ணாடி கழுவ ஒரு சின்ன மெஷின் இருக்கிறது. டிபன் டப்பா அளவுதான். தண்ணீர் ஊற்றி, அழுக்கேறிய கண்ணாடியை உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்தினால் கொசுக்கூட்டம் போல ஒரு ரீங்காரம் கேட்கும். வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் ஒரு மாதம் புரண்ட கண்ணாடியிலிருந்துகூட அழுக்கு புகை மாதிரி கிளம்பி வந்துவிடும். ஒரு தடவை அழுத்தினால் அதிகபட்சம் எட்டு நிமிடம் ஓடும். அதற்கு மேல் தானாக நின்றுவிடும். செஞ்சி பஜாரில் இப்படியொரு மெஷின் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று பத்து வருஷமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். என் பெயர் ராஜாராம். ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. அந்த மெஷினை என்னிடமிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்ட வெண்மதியைப் பற்றி.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், மதியம் இரண்டு மணிக்கு வந்தாள். அந்த நேரத்தில் கோட்டை மலைக் கல்லெல்லாம் காய்ந்து அனல் பஜார் வரைக்கும் வந்துவிடும். ஒரு ஈ காக்கை கடைப் பக்கம் வராது. கண்ணாடி கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் எழுந்து நின்றால், அவள் என்னைத் தாண்டி மேஜை மேல் இருந்த மெஷினைப் பார்த்து, "இது எத்தினி கிலோஹெர்ட்ஸ்ண்ணா?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? கேட்காமலே அதைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டாள். மிச்சமிருந்த தண்ணீர் என் பில் புத்தகத்தில் கொட்டியது. ஒரு சாரி கூடச் சொல்லவில்லை.

அவளுக்கு ஊர், வல்லம் போகிற பாதையில் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமம். பெயர் சொல்ல மாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் எனக்கு வாடிக்கையாளர்கள். அப்பா செல்லப்பன் அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர். மோட்டார் போடுவது, மேல்தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவது, தெருக்குழாயைத் திறந்துவிடுவது என்று இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை. காணி நிலம் கிடையாது. அம்மா களை எடுக்கப் போகிறவர். வெண்மதி விழுப்புரம் போய் வேதியியல் படித்து, செஞ்சியிலேயே ஒரு தனியார் கல்லூரியில் ஒப்பந்தத்தில் லேப் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து, அதோடு பகுதி நேரமாக ஆராய்ச்சிக்கும் பதிந்திருந்தாள். கல்லூரியில் இருந்த மெஷின் ரிப்பேர். பல்கலைக்கழகத்தில் இருந்ததைத் தொட இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், போக வர பஸ்ஸிலேயே ஐந்து மணி நேரம். அதனால்தான் மேடம் என் கடையைத் தேடிக் கண்டுபிடித்து வந்திருந்தாள்.

ஆராய்ச்சி எதில் என்று கேட்டேன். சாயத் தண்ணீர் என்றாள். அவள் ஊர்க்கோடியில் ரங்கநாதன் என்பவர் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்தார். பரம்பரையாக நிலபுலன் உள்ள குடும்பம். பட்டறைத் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து ஏரிக்குப் போகும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பிள்ளைகள் வாய்க்காலைப் பார்த்தே கிழமை சொல்வார்களாம். சிவப்பு ஓடினால் திங்கள், நீலம் ஓடினால் புதன். எருமைகள் கரையேறும்போது மருதாணி வைத்ததுபோல முட்டி வரைக்கும் சிவந்திருக்குமாம். இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"அந்தச் சாயத்த உடைக்கணும்ண்ணா. வடிகட்டி வேற எடத்துல கொட்றது இல்ல. உடைக்கணும்."

அவள் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். மெஷினில் நமக்குக் கேட்கும் ரீங்காரம் போக, கேட்காத சத்தம் ஒன்று இருக்கிறது. அது தண்ணீருக்குள் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் கோடிக்கணக்கில் உண்டாகி உண்டாகி நொறுங்கும். நொறுங்கும் அந்த நொடியில் குமிழிக்குள் இருக்கும் சூட்டில் தண்ணீரே பிளந்துபோகும். பிளந்த துண்டுகள் வெறிபிடித்தவை, பக்கத்தில் சாயம் இருந்தால் அதைக் கடித்துக் குதறும். அதோடு துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளைக் கொஞ்சம் சேர்த்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். தூள் தீர்ந்துபோகாது, வடிகட்டி மறுபடியும் போடலாம். வினையூக்கி என்றாள். ஊக்கிவிட்டு ஒதுங்கி நிற்பது. எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவரைத் தவிர வேறு யாரும் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை என்றேன். அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மெஷின் அவளுக்கு என்று முடிவானது. நான் சம்மதித்ததாக ஞாபகம் இல்லை, ஆனால் முடிவானது.

ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு அவளைக் காய்ச்சி வடித்த வாலைத் தண்ணீரில் செய்யச் சொல்லியிருக்கிறார். அவள் கேட்கவில்லை. பட்டறையில் வாலைத் தண்ணீரிலா சாயம் போடுகிறார்கள், எங்கள் ஊர்த் தண்ணீரில் வேலை செய்தால்தான் அது கண்டுபிடிப்பு என்று சண்டை போட்டாள். வியாழக்கிழமைதோறும் காலையில் தெருக்குழாயில் ஐந்து லிட்டர் கேன் பிடித்து பஸ்ஸில் கொண்டுவருவாள். பாதித் தண்ணீரில் அன்றைக்கே சாயமும் தூளும் கலந்து மெஷினில் வைப்பாள். மீதித் தண்ணீரைத் திங்கட்கிழமை வரை என் கடையிலேயே வைத்திருந்து, அதில் சாயம் மட்டும் கலந்து மெஷினில் போடாமல் வைத்துப் பார்ப்பாள். இரண்டையும் ஒப்பிட வேண்டுமாம்.

வியாழக்கிழமைத் தண்ணீர் அதிசயம் காட்டியது. வெளிர்சிவப்பில் உள்ளே போன தண்ணீர், பொத்தான் ஒருமுறை அழுத்தி மெஷின் தானாக நிற்பதற்குள் வெறும் தண்ணீராக வெளியே வந்தது. எட்டே நிமிடம். திங்கட்கிழமைத் தண்ணீர் சிவப்பு சிவப்பாகவே நின்றது. ஆறு வாரம் அதே மாதிரி. நானே வருகிற வாடிக்கையாளர்களை நிறுத்திக் காட்டினேன். ஒரு கருத்தரங்கில் போய்ப் பேசினாள். பரிசு கொடுத்தார்கள். கல்லூரி வாசலில் அவள் படம் போட்டு பிளெக்ஸ் கட்டினார்கள். செல்லப்பன் ஒருநாள் சைக்கிளிலேயே செஞ்சிக்கு வந்து அந்தப் பிளெக்ஸின் முன்னால் நின்று பார்த்துவிட்டு, என் கடைக்கு வந்து மெஷினையும் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வாசலிலேயே நின்று பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. மூன்று மணிக்கு வரும் என்று சொன்னதை நம்பி அவள் சாயத்தைக் கலந்து வைத்துவிட்டாள். தூள் இன்னும் போடவில்லை. நானும் அவளும் பனைமட்டை விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான்தான் முதலில் பார்த்தேன். பீக்கரில் சிவப்பைக் காணோம்.

"இன்னாம்மா, கரண்டே இல்லாம வேல செய்யுது உன் கண்டுபிடிப்பு?" என்று கிண்டலாகத்தான் கேட்டேன்.

அவள் முகத்தை நான் மறக்க மாட்டேன். பீக்கரைப் பார்த்தாள். கேன் மூடியைத் திறந்து முகர்ந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்லப்பன் வியாழக்கிழமை காலையில்தான் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் ஊற்றுவார். கை கொஞ்சம் தாராளம். பவுடரில் இருக்கும் குளோரின் துணியை வெளுப்பதுபோலச் சாயத்தையும் வெளுத்துவிடும். நான்கு நாள் கேனில் கிடந்தால் குளோரின் காற்றில் போய்விடும், அதனால்தான் திங்கட்கிழமைத் தண்ணீரில் சிவப்பு அப்படியே நின்றது. சத்தமும் இல்லை, வினையூக்கியும் இல்லை. ஆறு வாரமாக அவளுக்குப் பரிசு வாங்கித் தந்தது அவள் அப்பாவின் பவுடர்.

யார் செய்திருப்பார்கள் இந்தத் தப்பை? வாலைத் தண்ணீரில் செய்கிற யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஊர்த் தண்ணீர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் மட்டும்தான் செய்ய முடியும்.

கைடு நல்ல மனுஷன்தான். விட்டுவிடு, யாரும் சரிபார்க்கப் போவதில்லை, இனி ஒழுங்காகச் செய் என்றாராம். நானும் அதையேதான் சொன்னேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் என் கடை மேஜையிலேயே உட்கார்ந்து, என் பேனாவாலேயே, நான் சொன்ன முடிவு தவறு, காரணம் இது என்று கைடுக்கும் கல்லூரிக்கும் கருத்தரங்கு நடத்தியவர்களுக்கும் மூன்று கடிதம் எழுதினாள். அன்றைக்கு அவளை அழைத்துப்போக வந்திருந்த செல்லப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாலதான் எல்லாம் பூடுச்சி" என்று ஒருமுறை சொன்னார். அவள் ஒட்டிய உறைகளை வாங்கிச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்து, தபாலாபீசுக்கு அவரே கொண்டுபோனார்.

பிளெக்ஸ் மறுநாளே இறங்கியது. ஏற்ற ஒரு வாரம் ஆயிற்று, இறக்க ஒரு மணி நேரம் ஆகவில்லை. லேபிலிருந்து அவளை நூலகத்தில் புத்தகம் அடுக்கப் போட்டார்கள். "பவுடர் டாக்டர்" என்று ஒரு பட்டப்பெயரும் வந்தது. அவள் ஊரில், படித்தது போதும், முப்பது வயதாகிவிட்டது, யார் கையிலாவது பிடித்துக் கொடு என்று செல்லப்பனுக்கு ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். வெண்மதி மறு வியாழக்கிழமை சரியாக இரண்டு மணிக்கு என் கடையில் இருந்தாள். கேன் மூடியைத் திறந்து வைத்து, இனி நான்கு நாள் ஆறிய தண்ணீரில்தான் எல்லாம் என்றாள். எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் இருந்தது பயம்.

அடுத்த மூன்று வருஷம் உண்மையான வேலை நடந்தது. உண்மை மெதுவாக இருந்தது. எட்டு நிமிடத்தில் ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து தடவை பொத்தானை அழுத்தி இரண்டு மணி நேரம் ஓட்டினால், தூளும் சேர்ந்து, நூற்றுக்கு எழுபது பங்கு நிறம் போனது. சத்தம் மட்டும் என்றால் இருபதுகூடப் போகவில்லை, தூள் மட்டும் என்றால் பத்து. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். அவள் நூலகத்தில் மாட்டிக்கொண்ட நாட்களில் பொத்தான் அழுத்தியது நான். ஒரு அம்மாளுக்குக் கண் பார்த்துக்கொண்டே எழுந்துபோய் அழுத்திவிட்டு வருவேன். பட்டறைத் தண்ணீரையே கொண்டுவந்து வைத்தபோது, அதிலிருந்த உப்பினால் எழுபது முப்பத்தைந்தாக இறங்கியது. அதையும் நோட்டில் எழுதினாள். நிறம் போனால் சாயம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, உடைந்த துண்டு என்னவாக நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அதற்கு வேறு தனியாகப் பல்கலைக்கழகத்துக்கு அலைந்தாள்.

இதற்கிடையில் அவள் ஊர்ப் பெண்கள் குடத்தோடு சாலையில் உட்கார்ந்து, பட்டறைக்குப் பூட்டுப் போட வைத்தார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்து காட்டினால் திறக்கலாம் என்று உத்தரவு. போன வருஷம் ஐப்பசியில் ரங்கநாதன் என் கடைக்கே வெண்மதியைத் தேடி வந்தார். பெரிய மெஷின் ஒன்று வாங்கிவிட்டேன், உன் ஆராய்ச்சி முறையிலேயே செய்கிறோம், நீ வந்து பக்கத்தில் நின்று சரி என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், உன் படிப்புக்கும் ஆகும், ஊருக்கும் ஆகும் என்றார். குரலில் தேன் வழிந்தது.

அவள் நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். அவள் முறையில் ஒரு லிட்டருக்கே இரண்டு மணி நேரம், அதிலும் முப்பத்தைந்து பங்குதான். பட்டறையிலிருந்து வருவது ஒரு நாளைக்கு இருபதாயிரம் லிட்டர். இன்னும் முடியாது, முடியாததை முடியும் என்று எழுத மாட்டேன் என்றாள். ரங்கநாதன் நோட்டைப் பார்க்கவே இல்லை. உங்கப்பன் பஞ்சாயத்து வேலையில் இருக்கிறான், அதை ஞாபகம் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வெண்மதி நான்கு மணி வரை பொத்தானை அழுத்திவிட்டுத்தான் போனாள்.

பதினைந்து நாள் கழித்துச் செய்தி வந்தது. அன்றைக்கே, அவள் இல்லாமலே, சோதனை ஓட்டம். பஜாரிலேயே ரங்கநாதன் பிளெக்ஸ் கட்டியிருந்தார். அதில் பழைய கருத்தரங்குப் படத்தை வெட்டி எடுத்து வெண்மதியையும் ஒட்டியிருந்தார். 'நம் ஊர் விஞ்ஞானியின் கண்டுபிடிப்பில்' என்று கொட்டை எழுத்து. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் என் வண்டியை எடுத்துவந்து அவளை ஏற்றிக்கொண்டேன். கடையைப் பூட்டியது எப்போது என்று எனக்கே தெரியாது.

பட்டறை முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. நடுவில் பீரோ அளவில் எவர்சில்வர் தொட்டி. ஒரு பக்கம் சிவப்புத் தண்ணீர் போகிறது, மறுபக்கக் குழாயில் பளிங்கு மாதிரி வருகிறது. மெஷின் ரீங்காரம் போட்டது. சாமியானா ஓரத்தில் செல்லப்பன், பஞ்சாயத்து ஆட்கள் சொன்னபடி, நாற்காலி போட்டுவிட்டுக் குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். உத்தரவு போட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரைப் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். கைதட்டினார்கள். எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது, பெரிய மெஷின் என்றால் நடக்குமோ என்று.

வெண்மதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். படத்தில் இருப்பது நான்தான், ஆனால் இது என் முறை இல்லை, மெஷினை நிறுத்துங்கள் என்றாள். அதிகாரி தலையசைத்தார். நிறுத்தினார்கள். ரீங்காரம் போய் முற்றம் அமைதியானது. அவள் பையிலிருந்து சாயக் குப்பியை எடுத்து அதிகாரி கையிலிருந்த டம்ளரில் பத்துச் சொட்டு விட்டாள். தண்ணீர் சிவந்தது. எல்லோரும் பார்க்கப் பார்க்க, இருபது எண்ணுவதற்குள் வெளுத்தது. இன்னும் பத்துச் சொட்டு விட்டாள். அதுவும் போனது.

மெஷின் நின்றுவிட்டது, தண்ணீர் இன்னும் சாயத்தைத் தின்கிறது, அப்படியானால் வேலை செய்வது மெஷின் இல்லை, தண்ணீரில் போட்டிருக்கும் குளோரின் என்றாள். குளோரின் நிறத்தைத்தான் எடுக்கும், சாயத்தின் துண்டுகள் அப்படியே இருக்கும், குளோரின் ஒட்டிக்கொண்டு சில துண்டுகள் முன்னைவிட மோசமாகவும் ஆகும் என்றாள். "செவப்பா போனப்பயாவது எருமை வாய வெக்காம போச்சி. இப்படிப் போனா கொழந்த குடிக்கும்."

ரங்கநாதன் அசரவில்லை. சத்தம் தண்ணீரில் ஊறியிருக்கிறது, நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் வேலை செய்யும் என்றார். ஆட்கள் சிரித்தார்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். வெண்மதி எழுதிய அந்தப் பழைய கடிதத்தின் நகல். கல்லூரியில் யாரிடமோ வாங்கியிருக்கிறார். "ஏற்கெனவே தப்புத் தப்பா செஞ்சிட்டு மன்னிப்பு எழுதிக் குடுத்த பொண்ணு சார் இது. இது சொல்றதயா கேப்பீங்க?"

"மன்னிப்பு எழுதல. தப்புன்னு எழுதனேன்" என்றாள் வெண்மதி. "இதே தப்பு. இதே பவுடரு. அதான் பாத்ததுமே தெரிஞ்சிச்சி. வேற யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அதிகாரி குழம்பிப்போனார். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன், பதினைந்து நாளில் முடிவு வரும் என்றார். ரங்கநாதன் உடனே சரி என்றார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. கேனில் நான்கு நாள் கிடந்த தண்ணீர்! ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் குளோரின் காற்றில் போயிருக்கும். நிறமில்லாத தண்ணீர், குளோரினும் இல்லை, பட்டறைப் பூட்டைத் திறந்துவிடுவார்கள். வெண்மதி இப்போதே பார்க்க வேண்டும், இங்கேயே பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதிகாரியிடம் அதற்கான கருவி இல்லை. வேகமாகக் கிளம்பி வந்ததில் அவளும் சாயக் குப்பியைத் தவிர எதுவும் கொண்டுவரவில்லை. அவள் குரல் உடைவதை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அப்போது செல்லப்பன் பானையை விட்டு நகர்ந்தார். வேலியோரம் நிறுத்தியிருந்த சைக்கிளுக்குப் போய், கேரியர் பையிலிருந்து சின்னப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். டேங்க் ஆபரேட்டர்கள் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கிற பெட்டி. ஒரு கண்ணாடிக் குழல், ஒரு மருந்துக் குப்பி, ஒரு வண்ண அட்டை.

"ஏய் செல்லப்பா, நீ இன்னாத்துக்கு இங்க வர்ற?" என்றார் ரங்கநாதன். செல்லப்பன் அவரைவிடப் பத்து வயதாவது பெரியவர்.

செல்லப்பன் எவர்சில்வர் தொட்டிக் குழாயின் முன்னால் குந்தி உட்கார்ந்து, குழலில் தண்ணீர் பிடித்து, மருந்து சொட்டினார். இளமஞ்சள் வந்தால் குடிக்கிற தண்ணீர் என்று அர்த்தம். இது மஞ்சளைத் தாண்டி ஓடி, செங்கல் நிறத்தில் போய் நின்றது. அட்டையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அட்டையில் அந்த நிறமே இல்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. தினமும் அவர் தெருக்குழாயில் இதைச் செய்வதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், எது சரியான நிறம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு குளோரின் எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்டார். செல்லப்பன் குழலையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் பக்கம் திரும்பவில்லை. பிறகு எழுந்து நின்றார்.

"என் பவுடரு சார். பம்ப் ரூம்ல இருந்த பஞ்சாயத்து மூட்ட. தொட்டி கழுவணும்னு ரங்கநாதன் ஆளு வுட்டுக் கேட்டாரு. ரெண்டு மூட்ட நான்தான் குடுத்தேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ரங்கநாதனை மொதலாளி என்று சொல்லாமல் பெயர் சொன்னது அன்றுதான் என்று பிறகு ஊரில் சொன்னார்கள். பஞ்சாயத்துப் பொருளை வெளியே கொடுத்ததாக ஒரு டேங்க் ஆபரேட்டர் தன் வாயால் சொன்னால் என்ன ஆகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதிகாரி அதை எழுத்தில் கேட்டார். வெண்மதி பாய்ந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, வேணாம். குளோரின் இருக்குதுன்னு மட்டும் எழுது. மூட்டய பத்தி எழுதாத. வேல பூடும்."

செல்லப்பன் அவள் கையை மெதுவாக விடுவித்தார்.

"நீ எழுதிக் குடுத்தன்னிக்கி நான் தடுத்தனா?"

செல்லப்பன் அதிகாரியின் ஜீப் மேல் காகிதத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதி முடிக்க நேரமாயிற்று. அதுவரைக்கும் அந்த ஊர் வெயிலில் நின்றது. எனக்குக் கண்ணீர் வந்தது. மறைக்கவில்லை.

பட்டறைக்குப் பூட்டு மறுபடியும் விழுந்தது, இந்தத் தடவை அரக்கு வைத்து. பிளெக்ஸை வெண்மதியே ஏறிக் கிழித்தாள், ஏணியைப் பிடித்தது நான். மறுநாளே செல்லப்பனை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். பம்ப் ரூம் சாவியை வாங்கிக்கொண்டவனுக்கு மோட்டார் போடத் தெரிந்தது, பவுடர் போடத் தெரியவில்லை. அந்த வியாழக்கிழமை வெண்மதி கொண்டுவந்த கேனில் எந்த வாடையும் இல்லை.

"இனிமே ஆறப் போட வேணாம்ண்ணா. ரீடிங் அன்னன்னிக்கே சரியா வரும்" என்று சொல்லி, சிரிக்கப் பார்த்து, முடியாமல் அழுதாள். அழுதுகொண்டே பொத்தானை அழுத்தினாள். எட்டு நிமிடம் கழித்து மறுபடியும் அழுத்தினாள். அன்றைக்கு ஒரு தடவைகூட என்னை அழுத்த விடவில்லை.

ஊர்ப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. சாலையில் உட்கார்ந்து பழகியவர்கள் ஆயிற்றே. எங்கள் ஏரிக்காகத்தானே அந்த மனுஷன் எழுதிக் கொடுத்தார், அவர் கை படாத தண்ணீரை நாங்கள் பிடிக்க மாட்டோம் என்று பஞ்சாயத்து அலுவலக வாசலில் காலிக் குடங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அலுவலகத்துக்குள் போக வேண்டுமென்றால் குடங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். பத்து நாள் யாரும் எடுக்கவில்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமை வெண்மதி வந்தாள். வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாக. ஒரு பெரியவருக்கு நான் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தேன். கேனை மேஜை மேல் வைத்து, "தொறந்து பாருங்கண்ணா" என்றாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. நான் மூடியைத் திறந்தேன். மூக்கில் சுரீரென்று ஏறியது. வருஷக்கணக்காக அவளைப் படாத பாடு படுத்திய அதே வாடை. கை இன்னும் தாராளம்தான்.

"இந்தத் தண்ணி இன்னிக்கி ஆவாது. நாலு நாளு தொறந்தே வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போய்விட்டாள்.

வைத்திருந்தேன். கடை முழுக்க வாடை. வருகிறவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன நாற்றம் இது என்று கேட்டார்கள். செல்லப்பன் வேலைக்கு வந்துவிட்டார் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.